சிறுநீரகத்துக்குப் போகும் தமனி குறுகினால் பிரஷர் ஏன் ஏறுகிறது?

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அத்தையின் மருத்துவக் கோப்பில் ஒரு வரி இரண்டு ஆண்டுகளாக யாரும் கவனிக்காமல் கிடந்தது. வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேன் அறிக்கையில், வலது சிறுநீரகம் 7.9 சென்டிமீட்டர், இடது சிறுநீரகம் 10.4 சென்டிமீட்டர் என்று அச்சாகியிருந்தது. பித்தப்பையில் கல் இல்லை என்ற செய்தியே எங்களுக்குப் போதுமானதாக இருந்ததால், நாங்கள் அந்த வரியைப் படிக்கவில்லை. அறிக்கையைப் பார்த்தவர்களும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதே இரண்டு ஆண்டுகளில் அத்தையின் பிரஷர் மாத்திரை ஒன்றிலிருந்து மூன்றாகியது. அப்போதும் மேல் அளவு 170-க்குக் கீழே இறங்கவில்லை. இவ்விரண்டும் ஒரே நோயின் இரண்டு முனைகள் என்பது பிறகுதான் தெரிந்தது. மருத்துவம் படிக்காத ஒருவர் தம் வீட்டுப் பெரியவருக்காகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு அந்த நோயை இங்கே விளக்க முயல்கிறேன்.

பிரஷர் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதற்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. வயது, பரம்பரை, உப்பு, உடல் எடை, உழைப்பின்மை எனப் பலவும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. அவர்கள் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு உப்பைக் குறைத்தாலே பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் தனியான காரணம் ஒன்று உடலுக்குள் ஒளிந்திருக்கும். அப்படிப்பட்ட காரணங்களில் ஒன்றுதான் சிறுநீரகத் தமனி குறுகுவது. பிரஷர் உள்ள நூறு பேரை எடுத்துக்கொண்டால் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை இந்த வகையினராக இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. மாத்திரைக்கு அடங்காத பிரஷர் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் இந்தப் பங்கு கூடும்.

தண்ணீர் வராத கடைமடை

இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனியின் இரண்டு பக்கமும் பிரியும் கிளைகள்தான் சிறுநீரகத் தமனிகள். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து முந்நூறு கிராம்தான் எடை இருக்கும்; ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர், அவற்றுக்குப் போகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்தெடுத்து, அதில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விட்டு, மற்றதையெல்லாம் இரத்தத்துக்கே திருப்பி அனுப்புவது அவற்றின் வேலை. வடிகட்டும் வேலைக்குப் போதிய அழுத்தம் வேண்டும். ஆகவே, தம்மிடம் வரும் இரத்தத்தின் அழுத்தத்தைச் சிறுநீரகங்கள் இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கின்றன.

இங்கே நடக்கும் பிழையைக் காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது எளிது. ஆற்றில் தண்ணீர் இருகரை தொட்டு ஓடுகிறது. ஆனால் ஒருவருடைய வாய்க்காலின் தலைமதகில் மண்ணும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கின்றன. கடைமடையில் தன் வயலில் நிற்கும் அவருக்குத் தெரிவது, தண்ணீர் வரவில்லை என்பது ஒன்றுதான். ஆறு வற்றிப்போயிருக்கிறதா, மதகு அடைத்திருக்கிறதா என்பது வயலில் நின்றால் தெரியாது. பயிர் காய்கிறதே என்று அவர் மேட்டூரில் கூடுதலாகத் திறக்கும்படி மனுக் கொடுக்கிறார். மனு ஏற்கப்பட்டுத் தண்ணீர் திறந்துவிடப்பட்டால், அடைபட்ட வாய்க்காலில் கொஞ்சம் கூடுதலாக வரும். ஆனால் மற்ற எல்லா வாய்க்கால்களிலும் கரை தாங்காத அளவுக்கு நீர் ஏறும்.

தமனி குறுகிய சிறுநீரகம் செய்வதும் இதுவே. உடலில் இரத்தம் போதிய அளவு இருக்கிறது. இதயமும் சரியாகத்தான் அடிக்கிறது. இருந்தாலும் குறுகிய இடத்துக்கு அப்பால் அழுத்தம் குறைந்துவிடுவதால், உடல் முழுவதுமே அழுத்தம் குறைந்துவிட்டது என்று அந்தச் சிறுநீரகம் எடுத்துக்கொண்டு, ரெனின் என்ற பொருளை இரத்தத்தில் கலக்கிறது. அதுதான் மனு. ரெனினால் தொடங்கும் சங்கிலியின் முடிவில் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உருவாகிறது. அது உடலெங்கும் உள்ள இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. கூடவே அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோன் என்ற சுரப்பை வரவழைக்கிறது. ஆல்டோஸ்டிரோன் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. குழாயும் இறுகி நீரும் தேங்கினால் பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்? அதன் பாதிப்பு சிறுநீரகத்தோடு நிற்பதில்லை. மூளை, கண், இதயம் என்று கரை பலவீனமாக இருக்கும் இடத்திலெல்லாம் தெரியும்.

ரெனினை 1898-இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டைகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டறிந்தார்கள். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் இல்லை. மேட்டூர் அணை திறக்கப்பட்ட அதே 1934-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இருந்த ஹாரி கோல்ட்பிளாட் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். நாய்களின் சிறுநீரகத் தமனியில் வெள்ளியால் செய்த சிறு கவ்வியைப் பொருத்தி, தமனியை முழுதாக அடைக்காமல் குறுக்கினார். பிரஷர் ஏறி நிலைத்து நின்றது. பிரஷர் ஏறிச் சிறுநீரகம் கெடுவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்தாலும் பிரஷர் ஏறும் என்பதை அந்தச் சிறு கவ்வி காட்டியது.

தமனி ஏன் குறுகுகிறது

முதல் காரணம் கொழுப்புப் படிவு. மாரடைப்பை உண்டாக்கும் அதே படிவு, பெருந்தமனியிலிருந்து சிறுநீரகத் தமனி பிரியும் வாயருகே சேர்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், ஏற்கெனவே இதயத்திலோ கால் குழாயிலோ அடைப்பு உள்ளவர்கள் ஆகியோரிடம் இதைப் பெரும்பாலும் காணலாம். என் அத்தைக்கு இருந்ததும் இதுதான். அவர் புகை பிடித்ததில்லை, ஆனால் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது.

இரண்டாவது காரணம், தமனியின் சுவரிலேயே தசையும் நாரும் ஒழுங்கற்று வளர்வது. இளம்பெண்களிடமும் நடுவயதுப் பெண்களிடமும் இது மிகுதி. படம் எடுத்துப் பார்த்தால், தமனியின் நடுப்பகுதி ஒரு மணிமாலையைப் போல, குறுகுவதும் விரிவதுமாகத் தெரியும்.

மூன்றாவது காரணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மேலை நாட்டு நூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடும் இது, இந்தியாவில் இளவயதினரிடம் முக்கியமான காரணமாக இருக்கிறது. பெருந்தமனியிலும் அதன் கிளைகளிலும் அழற்சி ஏற்பட்டு, சுவர் தடித்து, குழாய் குறுகுவதுதான் இந்த நோய். 1908-இல் இதைப் பற்றி முதலில் எழுதிய ஜப்பானியக் கண் மருத்துவரின் பெயரால் இதைத் தகயாசு நோய் என்கிறார்கள். நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்களிடம்தான் பெரும்பாலும் வருகிறது. கைக்குப் போகும் குழாயும் சேர்ந்து குறுகுவதால் மணிக்கட்டில் நாடி மெலிந்துபோகும். சிலருக்கு ஒரு கையில் நாடியே கிடைக்காது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. குழாய் குறுகிய கையில் பட்டையைக் கட்டி அளந்தால் பிரஷர் 110 என்றோ 100 என்றோ காட்டும்; உண்மையான அழுத்தம் 190 ஆக இருக்கும். தலைவலி என்று வரும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இடக்கையில் மட்டும் அளந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. முதல் தடவை பிரஷர் பார்க்கும்போதாவது இரண்டு கைகளிலும் பாருங்கள் என்று இக்கால மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மேல் அளவு இரண்டு கைகளுக்கும் இடையே இருபது புள்ளிக்கு மேல் வேறுபட்டால் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

எப்போது சந்தேகிக்க வேண்டும்

பிரஷர் உள்ள எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. தேவையற்ற சோதனை தேவையற்ற சிகிச்சைக்கு இழுத்துச் செல்லும். சந்தேகத்தை எழுப்பும் சூழ்நிலைகள் சில உண்டு. முப்பது வயதுக்கு முன்பே, குடும்பத்தில் யாருக்கும் இல்லாத நிலையில், பிரஷர் வருவது அவற்றுள் ஒன்று. ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு திடீரென்று மிகக் கடுமையாகத் தொடங்குவது இன்னொன்று. பல ஆண்டுகள் கட்டுக்குள் இருந்த பிரஷர் காரணமில்லாமல் சில மாதங்களில் எகிறுவதையும், நீர் பிரியச் செய்யும் மாத்திரை உட்பட மூன்று வகை மாத்திரைகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் 140/90-க்குக் கீழே வராததையும் இதோடு சேர்க்கலாம். இரண்டு சிறுநீரகங்களின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேறுபடுவதும் அப்படித்தான். இரத்தம் குறைந்த சிறுநீரகம் மெல்லச் சுருங்கும். அத்தையின் அறிக்கையில் இருந்த வேறுபாடு இரண்டரை சென்டிமீட்டர்.

நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்து, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்ட பிறகு, எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பம்ப் நன்றாக இருக்கிறது என்று வருமானால், அது மிக முக்கியமான அறிகுறி. இரண்டு தமனிகளும் குறுகியிருக்கும்போது உப்பையும் நீரையும் வெளியேற்ற நல்ல சிறுநீரகம் ஒன்றுகூட இல்லாததால் இது நேர்கிறது. இப்படி ஒரு தடவைக்கு மேல் வந்தால், சிறுநீரகத் தமனியைப் பார்த்தீர்களா என்று உறவினர்களே கேட்கலாம்.

இரத்தத்தில் பொட்டாசியம் காரணமில்லாமல் குறைவதும் ஒரு துப்பு. ஆனால் தமனியைச் சந்தேகிப்பதற்கு முன் வீட்டில் ஒன்றை விசாரிக்க வேண்டும். தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரத்தை மாதக்கணக்கில் கஷாயம் வைத்துக் குடிப்பவர்களுக்கும் பொட்டாசியம் குறைந்து பிரஷர் ஏறும். அதைப் போலவே, மாத்திரைக்கு அடங்காத பிரஷர் என்று முடிவு கட்டுவதற்கு முன், மாத்திரை உண்மையிலேயே உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றுவதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாகப்பட்டினம் கருவாடும், மோர் மிளகாயும், வடாமும், ஊறுகாயும் தினம் இலையில் இருந்தால் எந்த மாத்திரையாலும் முழு வேலை செய்ய முடியாது. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

சில வகைப் பிரஷர் மாத்திரைகளைத் தொடங்கியதும் சிறுநீரகச் செயல்பாடு விழுவது கடைசி அறிகுறி. அதன் வழியாகத்தான் எங்கள் வீட்டில் நோய் வெளிப்பட்டது. மூன்றாவது மாத்திரையாக டெல்மிசார்டன் சேர்த்து எழுதிக் கொடுத்த இடத்தில், இரத்தப் பரிசோதனைக்கு மறுபடி வரும்படி யாரும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துப் போன போது அத்தை திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. “மாத்திரைய மாத்துனதுலேர்ந்து சோறே எறங்கலப்பா, வாந்தியாவே வருது,” என்றார். சிறுநீரகம் சரியாக வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின், 1.2 ஆக இருந்தது 2.6 ஆகியிருந்தது.

வடிகால் மடையும் மாத்திரையும்

இது ஏன் நடந்தது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த நோயின் பாதி புரிந்த மாதிரி. தலைமதகில் தண்ணீர் குறைவாக வரும் விவசாயி தன் வயலில் இன்னொரு வேலையும் செய்வார். தண்ணீர் வெளியேறும் வடிகால் மடையை மண் வைத்துக் குறுக்கி, வருகிற கொஞ்சத் தண்ணீரிலேயே வயலின் நீர்மட்டத்தை உயர்த்திக்கொள்வார். சிறுநீரகத்தின் வடிகட்டியிலும் இரத்தம் உள்ளே வர ஒரு நுண்குழாயும் வெளியேற ஒரு நுண்குழாயும் உண்டு. ஆஞ்சியோடென்சின் வெளியேறும் குழாயைக் கூடுதலாக இறுக்குவதால், வரத்து குறைந்தாலும் வடிகட்டுவதற்கான அழுத்தம் ஓரளவு காக்கப்படுகிறது.

எனலாபிரில், ரமிபிரில் போன்ற மாத்திரைகள் ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கின்றன. லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை அது வேலை செய்யாமல் தடுக்கின்றன. அதாவது இவை வடிகால் மடையில் வைத்த மண்ணை எடுத்துவிடுகின்றன. ஒரு சிறுநீரகத்துக்கு மட்டும் அடைப்பு இருந்தால் இது நன்மையே: பிரஷர் இறங்கும், மற்றச் சிறுநீரகம் வேலையை ஏற்றுக்கொள்ளும். இரண்டிலும் அடைப்பு இருந்தாலோ, இருக்கும் ஒரே நல்ல சிறுநீரகத்தில் அடைப்பு இருந்தாலோ, வடிகட்டும் அழுத்தம் விழுந்து கிரியேட்டினின் ஏறிவிடும். அத்தையின் வலது சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கிப் பயன் குறைந்துவிட்டது. இடது தமனியும் குறுகத் தொடங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது.

இதைப் படித்துவிட்டு அந்த மாத்திரைகளை யாரும் வெறுக்க வேண்டாம். தானாக நிறுத்தவும் கூடாது. சர்க்கரை நோயிலும் இதயப் பலவீனத்திலும் அவை உயிர் காப்பவை. சிறுநீரகத் தமனி குறுகலிலேயே பலருக்கு அவைதான் முதல் தேர்வு. நான் கேட்டுக்கொள்வது, தொடங்குவதற்கு முன்பும், தொடங்கிய ஒன்று அல்லது இரண்டு வாரத்திலும், அளவைக் கூட்டும்போதும் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்த்துவிடுங்கள் என்பதுதான். மிகச் சாதாரணமான இரத்தப் பரிசோதனை அது. கிரியேட்டினின் முப்பது சதவீதம் வரை ஏறுவதை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் மாத்திரையைக் குறைத்தோ நிறுத்தியோ காரணத்தைத் தேடுவார்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியும் கடுமையாக இருக்கும் நாட்களில் இம்மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அன்றே கேட்டுவிடுவது நல்லது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுபவற்றில் பொட்டாசியம் இருப்பதால், கிரியேட்டினின் ஏறியவர்கள் அதையும், இளநீரையும், மருத்துவரைக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளக் கூடாது. கருவுற்றிருப்பவர்களுக்கும் கருவுற விரும்புபவர்களுக்கும் இந்த இரண்டு வகை மாத்திரைகளும் ஆகாது. தகயாசு நோய் இளம்பெண்களுக்கு வருவதால் இதை இங்கே சொல்லியாக வேண்டும்.

சோதனைகள்

சந்தேகம் எழுந்தால் முதலில் செய்யப்படுவது டாப்ளர் ஸ்கேன். சாதாரண வயிற்று ஸ்கேனைப் போலத்தான் இருக்கும். ஊசி இல்லை, சாய மருந்து இல்லை. குறுகிய இடத்தில் இரத்தம் பீய்ச்சி ஓடும் வேகத்தை அது அளக்கிறது. ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பாய்வதைப் போலத்தான் இதுவும். நொடிக்கு 200 சென்டிமீட்டருக்கு மேல் வேகம் போனால் கணிசமான குறுகல் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டும். குடலில் காற்று நிறைந்திருந்தாலோ உடல் பருமனாக இருந்தாலோ தமனி சரியாகத் தெரியாது. பார்ப்பவரின் கைத்திறனைப் பொறுத்தும் முடிவு மாறும். எனவே டாப்ளரில் ஒன்றும் இல்லை என்று வந்தும் சந்தேகம் வலுவாக இருந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது.

அடுத்தது சிடி ஆஞ்சியோ. படம் மிகத் தெளிவாக இருக்கும்; ஆனால் அதற்குச் செலுத்தும் அயோடின் சாய மருந்து, ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கலாம். எம்ஆர் ஆஞ்சியோவும் உண்டு. சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கு அதில் பயன்படும் கடோலினியம் மருந்தைக் கொடுக்கும் முன் மிகவும் யோசிப்பார்கள். இறுதித் தீர்ப்பு, தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ நுழைக்கும் மெல்லிய குழாய் வழியாகச் சாயம் செலுத்தி நேரடியாகப் பார்க்கும் ஆஞ்சியோகிராம். சிகிச்சையும் அப்போதே செய்துவிடலாம் என்பதால், அத்தைக்கு டாப்ளருக்குப் பிறகு சிடி எடுக்காமல் நேரே இதற்குப் போனார்கள். சாய மருந்தை இரண்டு தடவை கொடுக்க வேண்டாம் என்று அந்தச் சிறுநீரக மருத்துவர் எடுத்த முடிவு எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முதல் நாளே நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள்.

தூர் வாரினால் போதுமா?

அடைப்பு தெரிந்துவிட்டது, தூர் வாரிவிட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படியே தோன்றியது. 1978-இல் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் சூரிச்சில் சிறுநீரகத் தமனியைப் பலூனால் விரித்ததை அறிவித்த பிறகு, மருத்துவ உலகிலும் பலர் அப்படித்தான் நம்பினார்கள். பலூனோடு ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாயும் வந்து சேர, குறுகிய தமனிகளெல்லாம் விரிக்கப்பட்டன. பிறகு அந்த நம்பிக்கையை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். கொழுப்புப் படிவால் தமனி குறுகிய நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாத்திரை மட்டும், மற்றப் பிரிவுக்கு மாத்திரையோடு தமனியை விரிக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 806 பேர் பங்கேற்ற அஸ்ட்ரல் ஆய்வு 2009-இலும், 947 பேர் பங்கேற்ற கோரல் ஆய்வு 2014-இலும் இதழில் வெளிவந்தன. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் ஆகியவற்றில் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஏன் அப்படி? பல ஆண்டுகள் தண்ணீர் காணாமல் உவர் ஏறிப்போன நிலத்துக்கு வாய்க்காலைத் தூர் வாரிவிட்டாலும் உடனே விளையாது. நீண்டநாள் இரத்தம் குறைந்தும், பிரஷராலும் சர்க்கரையாலும் உள்ளுக்குள் தழும்பேறியும் போன சிறுநீரகம் அப்படிப்பட்டதுதான். சிலரிடம் குறுகல் இருக்கும், பிரஷரும் இருக்கும். ஆனால் ஒன்று மற்றதற்குக் காரணமாக இருக்காது. வயதானவர்களில் பலருக்கு ஐம்பது சதவீதக் குறுகல் எந்தத் தொல்லையும் தராமல் கிடக்கிறது. பெரும்பாலும் எழுபது சதவீதத்தை நெருங்கும்போதுதான் சிறுநீரகம் அதை உணரத் தொடங்குகிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: தூர் வாரும்போது கலங்கிய சேறு கீழ்வாய்க்காலில் போய்ப் படிவதைப் போல, பலூன் விரியும்போது கொழுப்புத் துகள்கள் உடைந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கலாம். தமனியின் உட்சுவர் கிழிவதும், குழாய் நுழைத்த இடத்தில் இரத்தம் கசிவதும் அரிதாகவேனும் நடப்பவை.

ஆகவே படத்தில் குறுகல் தெரிகிறது என்பது மட்டுமே ஸ்டென்ட் வைப்பதற்குக் காரணம் ஆகாது. கொழுப்புப் படிவால் குறுகிய பெரும்பாலோருக்கு முதல் சிகிச்சை மாத்திரைதான்: பிரஷருக்கு மேலே சொன்ன வகையோடு அம்லோடிபின் போன்றவையும் நீர் பிரியும் மாத்திரையும், கொழுப்புக்கு ஸ்டாட்டின், பலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின், சர்க்கரைக் கட்டுப்பாடு, பீடியையும் புகையிலையையும் அடியோடு விடுவது. வலிந்து ஸ்டென்ட் வைக்கத் தூண்டுவோரிடம், மாத்திரையால் ஏன் முடியாது என்று பணிவோடு கேட்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிமை உண்டு.

விரிக்கத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு. அந்த ஆய்வுகளில் இப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவாகவே சேர்க்கப்பட்டார்கள். நுரையீரலில் திரும்பத் திரும்ப நீர் கோப்பவர்கள், எல்லா மாத்திரையும் கொடுத்தும் பிரஷர் அடங்காதவர்கள், இரண்டு தமனிகளிலும் அல்லது ஒரே நல்ல சிறுநீரகத்தின் தமனியிலும் கடுமையான குறுகல் இருந்து சிறுநீரகச் செயல்பாடு வேகமாக விழுபவர்கள் ஆகியோருக்குக் காலம் தாழ்த்தக் கூடாது. மணிமாலை வகையில் பெரும்பாலும் ஸ்டென்ட் இல்லாமல் பலூனே போதும். இளவயதில், நோய் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் செய்தால் சிலர் மாத்திரையிலிருந்தே விடுபடுகிறார்கள். தகயாசு நோயில் முதலில் ஸ்டீராய்டு முதலிய மருந்துகளால் அழற்சியை அடக்க வேண்டும். அழற்சி கொதிக்கும்போது விரித்தால் தமனி மீண்டும் குறுகும். அறுவைச் சிகிச்சையால் மாற்றுப்பாதை அமைப்பது இப்போது அரிது. முற்றிலும் சுருங்கி, வேலை ஏதும் செய்யாமல் ரெனினை மட்டும் சுரந்துகொண்டிருக்கும் சிறுநீரகத்தை அகற்றிவிடுவதும் சில நேரங்களில் வழியாகிறது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் இருப்பதால், டெல்டாவில் யாரும் முதல் கட்டச் சோதனைக்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் பணியாளரிடம், இரண்டு கைகளிலும் பார்க்கச் சொல்லி, அளவைத் தேதியோடு நோட்டில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போகும்போது அந்த நோட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், பழைய ஸ்கேன் அறிக்கைகள், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக்கொள்வது நல்லது. அந்தப் பையிலிருந்த பழைய ஸ்கேன் தாளைத்தான் சிறுநீரக மருத்துவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தைக்கு டெல்மிசார்டனை நிறுத்தியதும் கிரியேட்டினின் பத்து நாளில் 1.5-க்கு வந்தது. டாப்ளரில் இடது தமனியின் வேகம் 320 காட்டியது. அவருக்கு வேலை செய்யும் சிறுநீரகம் அது ஒன்றே என்பதால் ஸ்டென்ட் வைப்பது என்று முடிவாயிற்று. மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள்; மறுநாள் மாலை வீடு திரும்பினார். பிரஷர் மறைந்துவிடவில்லை, ஆனால் இரண்டு மாத்திரையில் 135 வாக்கில் நிற்கிறது, கிரியேட்டினின் 1.3. ஸ்டென்ட் வைத்த இடம் மறுபடி குறுகக்கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு டாப்ளர் எடுக்கிறோம். போன தடவை அறிக்கை கைக்கு வந்ததும் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தேடியது இடது சிறுநீரகத்தின் நீளத்தைத்தான், 10.4 என்றே இருந்தது.